மல்லாக்கிகள் நேரில் ஆஜராகவில்லை

விண்ணப்பப் படிவத்தின் முதல் கேள்வியிலேயே விஜயகுமாரி மாட்டிக்கொண்டாள். "உயிரினம் தோன்றிய நாள், மாதம், ஆண்டு" என்று கேட்டிருந்தார்கள். அதன் கீழே பொடி எழுத்தில், "தோராயத் தேதிகள் ஏற்கப்படமாட்டா" என்று ஒரு மிரட்டல் வேறு.

உயிர்வளப் பதிவாணையத்தின் கூடத்தில் ஏழு கவுன்டர்களும் ஒரு மின்விசிறியும் இருந்தன. உயிர்களைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட அலுவலகம் என்பதால் வாசலில் இரண்டு பென்குவின் குப்பைத்தொட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே ஒரு பல்லிகூடக் கிடையாது. போன வருடம் அமைச்சர் வந்தபோது மருந்தடித்துவிட்டார்கள்.

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "சுமார் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்" என்று எழுதி முதல் கவுன்டரில் நீட்டினாள். அங்கே இருந்தவர் படித்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அறுபது வயசு தாண்டிடுச்சுன்னா சீனியர் சிட்டிசன். ஆறாம் நம்பருக்குப் போங்க" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆறாம் நம்பரில் ஜேம்ஸ் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவள் முகத்தைப் பார்த்ததுமே, "தமிழாம்மா? உக்காருங்க. கைக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றார். ஏன் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் கைக்கு. அந்த அலுவலகத்தில் அன்று அவளை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

விஜயகுமாரியின் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவள் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் அட்டெண்டராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். கண்ணாடிப் புட்டிகளைக் கழுவுவதும், அவற்றுக்கு லேபிள் எழுதுவதும்தான் வேலை. குடியிருப்பது சைனிக்புரியைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கருங்கல் மேடு. அதற்கு ஊர்க்காரர்கள் வேறு பெயர் வைக்கச் சோம்பல்பட்டு, தெலுங்கில் பாறை என்று பொருள்படும் பண்டா என்ற சொல்லாலேயே கூப்பிட்டார்கள். அதன் உச்சியில் அண்டா அகலத்துக்கு நாலைந்து குழிகள். வருடத்தில் பத்து மாதம் அவற்றில் புழுதிதான் இருக்கும். முதல் பெருமழை பெய்து நீர் தேங்கினால், ஒரு வாரத்தில் அந்தத் தண்ணீரில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கண்ணாடி மாதிரி இறால்கள் நீந்தும். வாலில் மட்டும் ஒரு துளி சிவப்பு. எல்லாம் மல்லாந்தே நீந்தும் என்பதால் அவள் அவற்றுக்கு மல்லாக்கி என்று பெயர் வைத்திருந்தாள்.

பதினான்கு வருடங்களுக்கு முன் அவள் ஒரு டம்ளரில் நாலு மல்லாக்கிகளைப் பிடித்துக்கொண்டுபோய் ஆய்வகத்தில் மங்களம் மேடத்திடம் காட்டினாள். மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தவர் அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். இரண்டு வருடம் ஆராய்ந்து, இது உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் என்று கட்டுரை எழுதினார். அறிவியல் பெயரின் கடைசியில் விஜயகுமாரியின் பெயரைச் சேர்த்துவிட்டார். கல்லூரியில் எந்தப் பலகையிலும் ஏறாத பெயர் அது. சம்பளப் பட்டியலிலேகூட பாதி வருடங்கள் "விஜயா" என்றுதான் இருந்தது. மேடம் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் கட்டுரையின் நகலை விஜயகுமாரி பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் நகைக்கு மேலே வைத்திருந்தாள்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி பண்டாவின் மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பாறையை உடைத்து அந்த இடத்தில் ஒன்பது மாடிக் கட்டிடம் வரப்போகிறது. அங்கே பதிவு பெற்ற உயிரினம் ஏதாவது வசித்தால் முப்பது நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கட்டிடத்தின் பெயர் உயிர்வள பவன். பதிவாணையத்தின் சொந்தத் தலைமையகம்.

ஆகவே மே பதினைந்துக்குள் மல்லாக்கி பதிவாக வேண்டும். அதற்காகத்தான் அவள் ஆறாம் நம்பரில் உட்கார்ந்திருந்தாள்.

ஜேம்ஸ் படிவத்தைப் புரட்டினார். "இது எந்த இனத்துலேர்ந்து பிரிஞ்சதும்மா?"

"அதுக்கு முன்னாடி இருந்த ஒரு பழைய இறால்லேர்ந்து சார். அது இப்ப இல்ல. அழிஞ்சுபோச்சு."

"அப்ப பாகப்பிரிவினைப் பத்திரம் வேணும். மூல இனம் செத்துட்டதால டெத் சர்டிபிகேட், வாரிசு சர்டிபிகேட். வேற வாரிசுங்க இருக்கா?"

விஜயகுமாரி பொய் சொல்லத் தெரியாதவள். "நண்டு இருக்கு. அப்புறம் பூச்சிங்க எல்லாமே அந்த வழியில வந்த பங்காளிங்கதான்னு மேடம் சொல்லுவாங்க."

"எல்லாப் பூச்சியுமா?"

"ஹவ் சார்" என்று ஊர் வழக்கில் ஆமோதித்தாள்.

ஜேம்ஸ் பேனாவை மூடி வைத்தார். "அவங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லேன்னு கையெழுத்துப் போடணுமேம்மா" என்றார். கிண்டலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு கட்டுரையின் நகலைப் பார்த்தவர், அறிவியல் பெயரின் மேல் விரலை வைத்து நிறுத்தினார். "இதுல உங்க பேரு இருக்கே. உறவா?"

"மேடம் வச்ச பேரு சார்."

"நெருங்கிய உறவுன்னா நீங்க விண்ணப்பிக்கக் கூடாது. உறவில்லேன்னு நோட்டரிகிட்ட ஒரு அபிடவிட் வாங்கிட்டு வந்துடுங்க."

நோட்டரி, விண்ணப்பதாரரையும் எதிர்த்தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். விஜயகுமாரி ஒரு சோதனைக்குழாயில் சாராயத்தில் போட்டிருந்த பழைய மல்லாக்கி ஒன்றைக் கொண்டுபோனாள். நோட்டரி அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஜாடை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

நேரடி ஆய்வுக்கு ஜேம்ஸ் ஏப்ரல் கடைசியில் வந்தார். பாறை தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் அளவு நாடா, தலையில் கைக்குட்டை. குழியருகே மூச்சு வாங்க நின்று, "எங்கம்மா?" என்றார்.

அவள் குழியிலிருந்த புழுதியைக் காட்டினாள். "இதுக்குள்ளதான் சார். எல்லாம் முட்டையா இருக்கு. எத்தனை வருஷம் வேணும்னாலும் காஞ்சு கெடக்கும். தண்ணி பட்டா பொறிஞ்சிடும். நாப்பது நாள் இருந்து, முட்டை போட்டுட்டு செத்துடும்."

"மீதி முன்னூத்திச் சொச்சம் நாள் எங்க குடியிருக்கு?"

"இங்கதான் சார். இப்படித்தான்."

ஜேம்ஸ் குனிந்து ஒரு சிட்டிகை புழுதியை எடுத்துப் பார்த்தார். அவர் உள்ளங்கையில் அப்போது ஆயிரம் முட்டைகளாவது இருந்திருக்கும். "மண்ணுன்னா அது கனிமத் துறைம்மா. நமக்கு வராது" என்று தட்டிவிட்டார். படிவத்தில் "உயிரினம் நேரில் ஆஜராகவில்லை" என்று எழுதினார். எழுதிவிட்டு, "நான் பாத்ததைத்தானேம்மா எழுதணும்" என்று அவளிடமே நியாயம் கேட்டார். அவள் ஒரு குடத்துத் தண்ணீரைக் குழியில் ஊற்றிக் காட்டலாமா என்று கேட்டாள். ஆய்வு நடக்கும் இடத்தில் விண்ணப்பதாரர் ஈரம் செய்வது சாட்சியத்தைக் கலைப்பதாகும் என்று விதி இருந்தது.

மே பன்னிரண்டாம் தேதி இயக்குநர் அனந்தகிருஷ்ணனிடம் விசாரணை. வெள்ளைச் சட்டை, மேஜை மேல் கண்ணாடியில் செய்த யானை, பின்னால் குரங்கிலிருந்து மனிதன் வரை வரிசையாக நடக்கும் படம். வரிசையின் கடைசியில், மனிதனுக்கும் அடுத்ததாக, நாற்காலியில் அமர்ந்த ஒருவரை யாரோ ஓவியரை வைத்துச் சேர்த்திருந்தார்கள். முகம் அனந்தகிருஷ்ணனுடையது போலவே இருந்தது.

"அம்மா, உங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன், தமிழ்லயே சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தார். "பரிணாமம் பரிணாமம்னு எல்லாரும் பெருமையாப் பேசறா. நான் அதை நிர்வாகக் கோணத்துல பாக்கறேன். ஒரே ஒழுங்கீனம். எத்தனையோ கோடி வருஷமா ஒரு உயிர்கூட முன் அனுமதி வாங்கலை. மீனுக்குக் கால் மொளைச்சிருக்கு, யாரைக் கேட்டு மொளைச்சுது? மனு இருக்கா? பல்லி மாதிரி இருந்தது திடீர்னு இறக்கையோட பறக்கறது. எந்த ஃபைல்லயும் நோட்டிங் இல்லை. இப்படி விட்டதாலதான் இன்னிக்கு எத்தனை இனம் இருக்குன்னு யாருக்குமே தெரியலை. அதை ஒழுங்குபடுத்தத்தான் நாங்க இருக்கோம்."

"சார், பாறையை மட்டும்..."

"இந்த ஆணையம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆறது. ஒரு தவறான பதிவுகூட இல்லை. ஏன்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"பதிவே இல்லை! விண்ணப்பம் போடற மனுஷாளும் ஒரு உயிரினம்தானே? உயிர்கள் எல்லாமே ஒண்ணுக்கொண்ணு உறவுன்னு சயின்ஸ் சொல்றது. உறவுக்காரா விண்ணப்பிக்கக் கூடாதுன்னு விதி சொல்றது. சயின்ஸையும் மீற முடியாது, விதியையும் மீற முடியாது." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்தச் சிக்கலைக் கண்டுபிடித்தவர் என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

"சார், ஜூன்ல மழை வரும். ஒரே ஒரு மழை. அதுவரைக்கும் பொறுத்தீங்கன்னா அதுங்களே வந்து நிக்கும்" என்றாள். அறுபதை நெருங்கும் வயதில் ஓர் அதிகாரியின் முன்னால் அழுவதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதாள். அனந்தகிருஷ்ணன் மிகுந்த பரிவோடு காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். பெட்டியின் மேல் அழிந்துபோன டோடோ பறவையின் படம் இருந்தது.

ஆணை மூன்றாம் நாள் வந்தது. உயிரினம் இருப்பதும் நிரூபிக்கப்படவில்லை, இல்லாததும் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்படுகிறது, கட்டுமானம் தொடரலாம்.

மே இருபத்திரண்டு உலகப் பல்லுயிர் நாள். விசேஷமான நாளாயிற்றே என்று அன்றைக்கே வேட்டு வைத்தார்கள். முதல் வெடிக்கு வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. விஜயகுமாரி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் கை நின்றது. ஐந்தாவது வெடிக்குப் பிறகு அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஹர்ஷிதா போனில், "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ராக். நுவ்வு இக்கட ஒச்செய்" என்றாள். பேசாமல் இங்கே வந்துவிடு என்று தெலுங்கில் சொன்னால் மட்டும் வலிக்காமலா இருக்கும்? அவள் போனை வைத்தாள்.

ஜூன் பாதியில் மழை கொட்டியது. பாறை இருந்த இடத்தில் இருபது அடிப் பள்ளம். அதில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. விஜயகுமாரி ஒன்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் மனசு கேட்காமல் போய், சரிவில் உட்கார்ந்து இறங்கித் தண்ணீரைப் பார்த்தாள்.

மல்லாக்கிகள் நீந்திக்கொண்டிருந்தன.

நூறா, ஆயிரமா என்று எண்ண முடியவில்லை. வெடித்த பாறையின் புழுதியோடு முட்டைகளும் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. வேட்டுச் சத்தமும் எந்திரங்களும் அவற்றை ஒன்றும் செய்துவிடவில்லை. வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, அத்தனை கால்களையும் ஆட்டிக்கொண்டு, வாலில் அந்த ஒரு துளிச் சிவப்போடு போய்வந்துகொண்டிருந்தன. அவள் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு ஜேம்ஸுக்குப் போன் போட்டாள். "சார், ஆஜராயிடுச்சு!"

அன்று மாலையே ஜேம்ஸும் அனந்தகிருஷ்ணனும் வந்தார்கள். இயக்குநர் பள்ளத்தின் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். விஜயகுமாரி தண்ணீரைச் சுட்டிக் காட்டினாள். இனி யார் மறுக்க முடியும்?

"பதிவு ஆயிருக்கா?" என்று அவர் ஜேம்ஸைக் கேட்டார்.

"நிலுவையில இருக்கு சார்."

"அப்போ பதிவு பெறாத உயிரினம், அரசாங்க நிலத்துல, அனுமதியில்லாமக் குடியேறியிருக்கு. ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் கொடுங்கோ."

நாற்பது கோடி வருடமாக இருந்துவரும் வம்சத்தை, ஏப்ரலில் நிலம் வாங்கிய அலுவலகம் ஆக்கிரமிப்பாளர் என்றது. விஜயகுமாரிக்கு அழக்கூடத் தோன்றவில்லை. ஆனால் விதி என்றால் விதி. ஆக்கிரமிப்பாளருக்குக் காலி செய்ய நாற்பத்தைந்து நாள் அவகாசம் தர வேண்டும். அதுவரை அந்த இடத்தில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது, தண்ணீரை இறைக்கக் கூடாது. நோட்டீஸை ஆக்கிரமிப்பாளருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டவும் வேண்டும். மறுநாள் ஜேம்ஸ் சேற்றில் குடை பிடித்து நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்துத் தெலுங்கில் வாசித்தார், உருதுவில் வாசித்தார். விண்ணப்பதாரர் தமிழர் என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று தமிழிலும் வாசித்தார். "மேற்படியார் விட்டுச்செல்லும் உடைமைகள் ஆணையத்தின் பதிவறையில் முத்திரையிட்டு, உரியவர் வந்து கேட்கும் வரை, அல்லது பன்னிரண்டு ஆண்டுகள் வரை பாதுகாக்கப்படும்" என்று முடித்தார். மல்லாக்கிகள் மல்லாந்தபடியே கேட்டன.

"நாப்பத்தஞ்சு நாள்ல காலி பண்ணிடுமாம்மா?" என்றார் ஜேம்ஸ், தாழ்ந்த குரலில்.

விஜயகுமாரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆயுள் நாற்பது நாள். பத்து நாள் முடிந்துவிட்டது. "பண்ணிடும் சார்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஓர் அலுவலகத்திடம் உண்மையில் பாதியை, முட்டைகள் போகாது என்பதை, மறைத்தாள்.

தினமும் காலையில் போய்ப் பார்த்தாள். ஜூலையில் நடுவே இரண்டு வாரம் மழை நின்றுபோனது. தண்ணீர் ஓரங்களிலிருந்து உள்வாங்க உள்வாங்க, பெண் மல்லாக்கிகளின் பைகளில் முட்டைகள் நிறைவதும் குறைவதும் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நோட்டீஸ் முடிந்த மறுநாள் ஜேம்ஸ் வந்து, வெறும் சேற்றைப் பார்த்து, "ஆக்கிரமிப்பாளர்கள் தாமாகவே காலி செய்தனர்" என்று எழுதினார். பதினோரு வருடத்தில் ஆணையம் முடித்துவைத்த முதல் வழக்கு. அனந்தகிருஷ்ணனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த வாரமே பள்ளத்தில் கான்கிரீட் கொட்டினார்கள்.

அதற்கு முன்பே விஜயகுமாரி ஓரத்துச் சேற்றை வாரிக்கொண்டு வந்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்து, கல்லூரியில் விடைபெறும்போது கொடுத்த ஒரு மாதிரிப் புட்டியில் நிரப்பியிருந்தாள். லேபிளும் எழுதியாயிற்று. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பஸ் பிடித்து ஒரு வாரம் பாறை பாறையாக அலைந்தாள். ஒன்றில் வில்லா விளம்பரம், ஒன்றில் கோயில் வேலி, ஒன்றில் ஏற்கெனவே வேட்டுக்குழிகள். ராணுவ ஆய்வகங்கள் இருக்கும் காஞ்சன்பாக் பக்கத்துப் பாறைகளுக்குக் காவலுக்குத் துப்பாக்கி நின்றது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால், வீட்டுக்காரர் தீபாவளிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகளின் ஃப்ளாட்டில் சாமி படத்துக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. "அம்மா, மட்டி எந்துகு? பாரேய்" என்றாள் ஹர்ஷிதா. மண் எதற்கு, தூக்கிப் போடு. விஜயகுமாரி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மகளே போட்டுவிடக்கூடும்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை விஜயகுமாரி மறுபடி ஆறாம் நம்பருக்குப் போனாள். புட்டியை மேஜை மேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"அதுங்க விட்டுட்டுப் போன உடைமை சார். நோட்டீஸ்ல எழுதியிருக்கே. முத்திரை வச்சுப் பதிவறையில வைங்க."

ஜேம்ஸ் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த முறை தட்டிவிடவில்லை. பிறகு அரக்கை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றி, பித்தளை முத்திரையை அழுத்தி, ரசீது எழுதினார். "உடைமையின் விவரம்" என்ற இடத்தில் முதலில் "மண்" என்று எழுதி, அடித்துவிட்டு, "முட்டை" என்று எழுதினார்.

"உங்க பழைய அப்ளிகேஷனும் இங்கதாம்மா கெடக்கு. வேணும்னா நான் மேல பேசி சீக்கிரம் முடிக்கப் பாக்கறேன்."

"நக்கோ சார், வேணாம்" என்றாள் அவசரமாக. "நிலுவையிலயே இருக்கட்டும்."

பதிவறைக்கு அவளையும் கூட்டிக்கொண்டுபோனார். பதினோரு வருடத்துக் கோப்புகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. யாரும் தொட்டதில்லை, துடைத்ததில்லை, திறந்ததில்லை. விஜயகுமாரிக்கு நிம்மதியாக இருந்தது. இந்த நகரத்தில் ஒரு பொருளை அசைக்காமல் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்குள் எங்காவது ஒரு பாறையை அவள் கண்டுபிடித்துவிட மாட்டாளா? ஜேம்ஸ் ஸ்டூல் மேல் ஏறி, உச்சித் தட்டில் அவளுடைய கோப்புக்குப் பக்கத்திலேயே புட்டியை வைத்தார். அப்போதுதான் அவள் அந்தத் தட்டுக்கு மேலே சுவரில் வழிந்து காய்ந்திருந்த பழுப்புக் கோடுகளைப் பார்த்தாள்.

"சார், கூரை ஒழுகுமா?"

"பெரிய மழைன்னா கொஞ்சம் ஒழுகும்மா. சீலிங் வேலைக்கு எழுதிப்போட்டு நாலு வருஷம் ஆச்சு. அது நிலுவையில இருக்கு."

"முத்திரை தாங்குமா? தண்ணி பட்டா புட்டிக்குள்ளயே பொறிஞ்சு செத்துடும்."

ஜேம்ஸ் கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். "நம்ம அரக்கு வெயில்லயே விட்டுரும்மா" என்றார். பொய் சொல்ல அவருக்கும் தெரியவில்லை. வேறு தட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டாள். மற்ற தட்டுகளின் மேலும் அதே கோடுகள்தான் இறங்கியிருந்தன.

வெளியே வந்து பென்குவின்களுக்கு நடுவில் நின்றாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் குளிர்ந்த காற்றுக்கு முகத்தைக் காட்டிச் சந்தோஷப்பட்டார்கள். பதினான்கு வருடங்களாக ஒவ்வொரு ஜூனிலும் மாடியில் நின்று மேகத்தைப் பார்த்துக் காத்திருந்தவள் அவள். இன்று ரசீதைக் கைக்குள் மடித்து இறுக்கிக்கொண்டு, மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.